ஓடிய வண்டி ஏன் நின்றது?



நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கார் ஒன்று நடுவழியில் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழல்கிறது. ஆனால் உயிர் பெறவில்லை. வண்டியில் இருந்தோர் இறங்குகின்றனர். வழியே போவோர் கூடுகின்றனர். ஆளுக்கொரு காரணம் சொல்கின்றனர். இக்காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு விளைவுக்குக் காரணம் காண்பது என்றால் என்ன என்பதை, அறிவியல் ஆசிரியனாகப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான், நின்றுபோன வண்டி ஒன்றின் அருகில்தான் கற்றேன். அந்தக் கல்விக்கு நான் செலுத்திய கட்டணம் என் பணம் அன்று, வேறொருவருடைய வேலை. அதனாலேயே இதனைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவிலுக்கு வந்து, அங்கே மதுரைச் சாலையை விட்டுத் திரும்பினால் வத்திராயிருப்பை அடையலாம். அவ்வூரைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நோக்கிச் சென்றால் பிளவக்கல். அங்கே பெரியாறு அணை, கோவிலாறு அணை என இரண்டு அணைகள் உள்ளன. இந்தப் பெரியாறு வேறு. தேக்கடிப் பக்கத்து முல்லைப் பெரியாறு வேறு. மலையிலிருந்து இறங்கி வரும் நீரைத் தேக்கி, வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் அளிப்பவை இவ்வணைகள். கோடை விடுமுறையில் மலைக்காற்றை நாடி அங்கே சென்று வருவது எங்கள் பக்கத்தில் பலருக்கு வழக்கம்.

1994 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராஜபாளையத்து நண்பர் ஒருவருடைய காரில் நாங்கள் ஐந்து பேர் பிளவக்கல்லுக்குச் சென்றோம். கார்புரேட்டர் பூட்டிய பழைய பெட்ரோல் வண்டி அது. அவரிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்த ஓட்டுநர் ஒருவர் அதை ஓட்டினார். என்னைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். அணையைப் பார்த்துவிட்டுப் பிற்பகல் இரண்டு மணி அளவில் திரும்பினோம். வத்திராயிருப்பை நெருங்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டுநர் வண்டியை உருளவிட்டுச் சாலையோரத்துப் புளியமரத்தடியில் நிறுத்தினார். பலமுறை முயன்றும் எஞ்சின் கிளம்பவில்லை.

அவர் முன்மூடியைத் திறந்துவிட்டு, "சார், விளக்கை அணைச்ச மாதிரி பட்டென்று நின்றுவிட்டது. பிளக்குக்குக் கரண்டு வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்றார்.

நான் அவரைப் பார்க்கவிடவில்லை. பௌதிகம் கற்பிப்பவன் அல்லவா? என்னிடம் விடை ஆயத்தமாக இருந்தது. "அண்ணாச்சி, வெயிலைப் பாருங்கள். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. பம்பு நீர்மத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றினால் சரியாகிவிடும்" என்றேன். வாய்க்காலில் துண்டை நனைத்து நானே சுற்றினேன். முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. நண்பர்கள் என்னைப் பாராட்டினர். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாள்களுக்குள் அந்தக் கார் இன்னும் இருமுறை அதே போல் நின்றது. இருமுறையும் ஈரத்துணி சுற்றினார்கள். இருமுறையும் சற்று நேரம் கழித்துக் கிளம்பியது. என் விடை மூன்று தடவை மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாக நான் எண்ணினேன். நண்பர் என்னை அழைத்து, "பெட்ரோலில்தான் கோளாறு என்று உறுதியாகச் சொல்கிறாயா?" என்று கேட்டார். "எரிபொருளில்தான் கோளாறு" என்றேன்.

இந்த ஒரு சொல் எப்படி நகர்ந்தது என்பதைக் கவனியுங்கள். குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது என்பது என் கருத்து. நண்பரோ, பெட்ரோலே கெட்ட பெட்ரோல் என்று கொண்டார். கெட்டது எப்படி? மண்ணெண்ணெய் கலந்திருக்க வேண்டும். கலந்தவர் யார்? பெட்ரோலை விற்றுவிட்டு அந்த இடத்தை மண்ணெண்ணெயால் நிரப்பியவர். அவர் யார்? வண்டி யாருடைய கையில் இருக்கிறதோ அவர். ஓட்டுநர் எவ்வளவோ மறுத்தும் பயன் இல்லை. மாதக் கடைசியில் அவருடைய கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அச்செய்தி என் காதுக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்திருக்க வேண்டும். ஏனெனில், அந்தக் குற்றச்சாட்டு என் கருத்துக்கே முரணானது. பெட்ரோல் என்பது பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும்; கனமான பகுதிகள் 200 டிகிரி வரை செல்லும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதோ ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல். ஆகவே மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆவியாவது குறையவே செய்யும். அதனால் வரும் தொல்லைகள் வேறு: குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் தயங்கும், புகை மிகும், ஏற்றத்தில் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை கேட்கும். இவற்றில் ஒன்றுகூட அவ்வண்டியில் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த வேதியியல் இது. எனக்கும் தெரியும். ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை.

இனி, எஞ்சின் என்பது என்ன என்று சிறிது பார்ப்போம். 1876 இல் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஆட்டோ வெற்றிகரமாக அமைத்த நான்கு வீச்சு முறையே இன்றுவரை பெட்ரோல் கார்களில் நடைபெறுகிறது. உருளைக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது அது நெருக்கப்படுகிறது. நெருங்கிய கலவையில் பிளக்கின் முனையில் மின்பொறி தெறிக்க, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடியும் பிஸ்டன் மேலேறுகையில் புகை வெளியேறுகிறது. ஆகவே எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: தக்க கலவை, தக்க நெருக்கம், தக்க நேரத்தில் மின்பொறி. சாவியைத் திருப்பினால் வழக்கமான ஓசையுடன் எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், இம்மூன்றில் ஒன்று இல்லை. நின்ற வண்டி சூடு ஆறியதும் தானே கிளம்புகிறது என்றால் நெருக்கத்தில் குறையிருக்க வாய்ப்புக் குறைவு. எஞ்சுவன இரண்டு பாதைகள்: பெட்ரோல் வரும் பாதை, மின்சாரம் வரும் பாதை.

பழைய கார்களில் பெட்ரோல் பாதை எளியது. தொட்டி, குழாய், பம்பு, கார்புரேட்டர் என்ற நான்கு இடங்கள். மின்பாதையைச் சற்று விளக்க வேண்டும். பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட். அதனால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட இயலாது. அதற்குப் பல்லாயிரம் வோல்ட் தேவை. ஆகவே பாட்டரி மின்சாரம் தூண்டு சுருள் ஒன்றின் முதன்மைச் சுற்றில் செலுத்தப்படுகிறது. சில நூறு சுற்றுகள் கொண்டது அது. பிறகு அம்மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படுகிறது. துண்டிக்கப்படும் கணத்தில் காந்தப்புலம் மறைய, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட மற்றொரு சுற்றில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. துண்டிக்கும் வேலையைச் செய்வது, மெக்கானிக்குகள் பாயிண்டு என்று வழங்கும் சிறு தொடுமுனைகள். அவை விரியும் அளவு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். நான்கு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால், அம்முனைகள் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும்.

முனைகள் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்துவிட்டால் மின்னோட்டம் சட்டென்று நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். அதைத் தடுக்க முனைகளுக்கு இணையாக ஒரு மின்தேக்கி வைக்கப்படுகிறது. மெக்கானிக்கின் மொழியில் அது கண்டன்சர். கட்டைவிரல் அளவுகூட இல்லாத சிறிய உலோகக் குப்பி. அது தன் வேலையை விட்டுவிட்டால், பிளக்கில் தெறிக்க வேண்டிய பொறியின் வலிமை பாயிண்டிலேயே வீணாகிவிடும். 1950களின் இறுதியிலிருந்து நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரும், பம்பாயில் உருவான பியட்டும், 1961 முதல் நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்த முறையிலேயே இயங்கின. இதே தூண்டு சுருளை, இதே மின்தேக்கியை, நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். பிளவக்கல் சாலையில் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஓட்டுநர் போன பிறகும் வண்டி நின்றது. புதிய ஓட்டுநர் வந்து, தொட்டியைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றிய பின்னரும் நின்றது. ஜூலை மாதத்தில் ஒருநாள் நண்பரும் நானும் கிருஷ்ணன்கோவில் பக்கம் வந்துகொண்டிருந்தோம். மறுபடியும் அதே கதை. நான் துண்டை நனைக்கப் போனேன். அப்போது அருகில் சிறு பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். துணியைச் சுற்ற வேண்டாம் என்று கையமர்த்தினார்.

அவர் உடனே முன்மூடியைத் திறக்கவில்லை. நண்பரைக் கேள்விகள் கேட்டார். "நிற்கும்போது இருமி இருமி நின்றதா, பட்டென்று நின்றதா? எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பும்? காலையில் கிளம்புவதில் தொல்லை உண்டா? இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள்?"

முதற்கேள்வியின் நுட்பத்தைப் பாருங்கள். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மெல்ல இளைக்கும், குலுங்கும், மிதித்தாலும் வேகம் எடுக்காது, பிறகே நிற்கும். மின்சாரம் அறுந்தால் அந்தக் கணமே நிற்கும். "விளக்கை அணைச்ச மாதிரி" என்று பழைய ஓட்டுநர் முதல் நாளே சொன்னாரே, அதுதான் இவ்வழக்கின் முதற்சாட்சியம். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

பிறகு அவர் ஒரு சொல் சொன்னார்: "இப்போது ஆறவிடக்கூடாது. வண்டி செத்துக் கிடக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். கிளம்பிவிட்டால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும்." அன்று நான் கற்றவற்றுள் தலையாயது இது. கோளாறு இருக்கும் வரையில்தான் அது தன்னைப் பற்றிச் சாட்சி சொல்லும். அது மறைந்த பின் நாம் பார்ப்பது நலமுள்ள வண்டியை.

தூண்டு சுருளிலிருந்து வரும் தடித்த கம்பியை டிஸ்டிரிபியூட்டரின் நடுவிலிருந்து கழற்றி, உறையிட்ட குறட்டால் பிடித்து, எஞ்சினின் உலோகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். நீலநிறத்தில் கொழுத்துத் தெறிக்க வேண்டிய பொறி, மஞ்சளாய் நூல்போல் ஒருமுறை தோன்றி மறைந்தது. ஏன் அந்த இடத்தில் சோதித்தார்? அதுவே மின்பாதையின் நடு. அங்கே நல்ல பொறி இருந்தால் குறை அதற்கப்பால். இல்லையென்றால் அதற்கு முன்பு. ஒரே சோதனையில் பாதிப் பொருள்கள் விடுதலை பெற்றுவிடுகின்றன. மேலும், நான்கு உருளைகளும் ஒரே கணத்தில் நின்றன என்றால், நான்கு பிளக்குகளும் ஒன்றாகக் கெட்டிருக்க முடியாது. நான்குக்கும் பொதுவான இடத்தில்தான் குறை இருக்க வேண்டும். தெரு முழுவதும் விளக்கு அணைந்தால் ஒவ்வொரு வீட்டுப் பல்பையும் நாம் கழற்றிப் பார்ப்பதில்லையே.

பெட்ரோலையும் அவர் விட்டுவிடவில்லை. மின்கம்பியைப் பாதுகாப்பாக ஒதுக்கிவைத்த பிறகு, கார்புரேட்டருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டார். எஞ்சினைச் சுழற்றியதும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. ஆவியும் இல்லை, குமிழும் இல்லை. அந்தக் கணத்தில் பெட்ரோல் குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டது. அதனோடு ஒரு மனிதரும் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிட்டது. நண்பர் முகத்தை நானும், என் முகத்தை நண்பரும் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு டிஸ்டிரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். எஞ்சின் சுழலும்போது பாயிண்டு முனைகளுக்கிடையே பளிச்சென்று பொறி பறந்தது. "கண்டன்சர்" என்றார். தம் பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் பூட்டினார். கம்பியில் நீலப் பொறி தெறித்தது. எஞ்சின் சூடு ஆறாமலேயே முதற்சுற்றில் கிளம்பியது. நண்பர் பணம் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார்.

அப்போது அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்தார். புதிய கண்டன்சரைக் கழற்றிவிட்டுப் பழையதையே மீண்டும் பூட்டினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் புதியதைப் பூட்டினார். கிளம்பியது. "எதற்காகப் பழையதைத் திரும்பப் பூட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"சார், இது நேரம் போனால் தானாகக் கிளம்புகிற வண்டி. நான் மாற்றியதால் ஓடியதா, நேரம் போனதால் ஓடியதா என்று தெரிய வேண்டாமா?" என்றார்.

மாணவர்களே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கையின் கனத்தால் பழம் விழுந்தது என்று நினைப்பவன் அறியாதவன் என்று நாம் சிரிக்கிறோம். என் ஈரத்துணி அந்தக் காக்கை. அக்கண்டன்சரின் உள்ளிணைப்பு ஒன்று சூடேறியதும் விட்டுப்போகும். முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஈரத்துணி சுற்றினாலும், பிளக்கைத் துடைத்தாலும், வண்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டினாலும் அது கிளம்பித்தான் இருக்கும். செய்தவன் எவனோ அவன் தான் செய்ததே மருந்து என்று சத்தியம் செய்திருப்பான். மூன்று முறை நடந்தது என்பதால் என் கருத்து மும்மடங்கு உண்மையாகிவிடவில்லை. ஒரு முறையாவது துணி சுற்றாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தேனா? இல்லை. அதைச் செய்திருந்தால் என் கருத்து அன்றே உடைந்திருக்கும். தன் கருத்தை உடைக்கக்கூடிய சோதனையைத் தானே தேடிச் செய்பவனே ஆராய்கிறான். அந்தப் பட்டறைக்காரர் தாம் கண்ட விடையையே சந்தேகித்து, அதை ஒருமுறை உடைத்துப் பார்க்க முயன்றார். அது உடையவில்லை. அதன் பிறகே பணத்தைப் பெற்றுக்கொண்டார்.

உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் மோட்டார் வண்டியில் சென்றவர் ஒரு பெண்மணி என்பது உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். கார்ல் பென்ஸின் மனைவியாகிய பெர்தா பென்ஸ், 1888 ஆகஸ்டில் தம் இரு புதல்வர்களுடன் ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். வழியில் பட்டறை இல்லை. பெட்ரோல் நிலையம் இல்லை. எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியூசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டையால் அதைச் சுற்றினார். ஒரு கோளாறு எரிபொருள் பாதையில், மற்றொன்று மின்பாதையில். அந்த அம்மையார் இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள், பள்ளிக் கல்வியை முடிக்காதவர், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உழைத்துப் பணம் சேர்த்து அதனை வாங்கி, பிரித்துப் பூட்டிப் பார்த்தே இயந்திர நுட்பத்தைக் கற்றார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கினார். ஏட்டுக் கல்வி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏட்டில் படித்தது கைக்கு வந்து சேராவிட்டால் அது பாதி வழியில் நின்ற வண்டி என்பதற்காகச் சொல்கிறேன். அன்று என்னிடம் இருந்ததும் அதுவே.

இன்றைய கார்களில் கார்புரேட்டரும் இல்லை, பாயிண்டும் இல்லை. 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது அவை நம் புதிய கார்களிலிருந்து மறைந்தன. பெட்ரோலை அளந்து பீய்ச்சுவதும், பொறியின் நேரத்தைக் குறிப்பதும் இப்போது ஒரு சிறு கணினியின் வேலை. எஞ்சின் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அக்கணினிக்குத் தெரிவிக்கும் உணர்கருவி ஒன்று உண்டு. அது பழுதானால் சூடேறியதும் வண்டி பட்டென்று நிற்கும்; ஆறியதும் கிளம்பும். உறுப்பு மாறியிருக்கிறது, நோயின் குணம் மாறவில்லை. 2010 முதல் நம் புதிய கார்களில் தம்மைத் தாமே கண்காணிக்கும் அமைப்பும் கட்டாயமாயிற்று. கருவியைச் செருகினால் ஒரு குறியெண் தெரியும். ஆனால் அக்குறியெண் முறையீடுதான், தீர்ப்பு அன்று. உணர்கருவியிலிருந்து செய்தி வரவில்லை என்று அது சொல்லலாம். கெட்டது கருவியா, அதற்குச் செல்லும் கம்பியா, கம்பியின் முனையில் படிந்த அழுக்கா என்பதை மனிதர்தான் சோதித்து அறிய வேண்டும். எண்ணைப் பார்த்த உடனே பொருளை மாற்றுகிறவர், அன்று துண்டை நனைத்த என் இனத்தைச் சேர்ந்தவர்.

நடைமுறைக்கு உதவும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் பதறி, சாவியை உருவிவிடக்கூடாது. பல வண்டிகளில் அப்படிச் செய்தால் கைச்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக்கும் கைச்சக்கரமும் வழக்கத்தைவிடக் கடினமாகும். வலுவாக மிதித்துத் திருப்பி, சாலையோரம் ஒதுக்க வேண்டும். எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டுப் பயணிகளைச் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்ய வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக்கூடாது. பெட்ரோல் சிந்திய இடத்தில் மின்பொறியைச் சோதிக்கக்கூடாது. இச்சோதனைகள் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியவை. ஆனால் நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. எப்படி நின்றது, எத்தனை மைல் ஓடிய பின் நின்றது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது, எந்த விளக்கு எரிந்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். "பம்பு கெட்டுவிட்டது" என்று சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். கண்டது வேறு, கருதியது வேறு.

கதையை முடிக்க வேண்டும். மறுநாள் நண்பரும் நானும் அந்த ஓட்டுநரைத் தேடி வத்திராயிருப்புக்குச் சென்றோம். அவர் ஒரு தோப்புக்காரரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் முன்னையதைவிடக் குறைவு. நண்பர் நடந்ததைச் சொல்லி, வேலைக்குத் திரும்ப வருமாறு கேட்டார். நான், "அண்ணாச்சி, தவறு என்னுடையது" என்றேன். அவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். திரும்ப வருவதற்கு மட்டும் இசையவில்லை. "முதலாளி மேலே வருத்தமில்லை. ஊரில் நாலு பேர் என்னைத் திருடன் என்று சொன்னது என் பிள்ளைகள் காதில் விழுந்துவிட்டது. அதுதான்" என்றார். சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அன்றைக்கே அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷம்தான் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொழிலைப் பற்றி ஒரு தொழிலாளி சொல்வதுபோலச் சொன்னார்.

பின்னாளில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, யாரைப் பற்றியாவது புகார் வந்தால், "நீங்கள் கண்டது என்ன?" என்று முதலில் கேட்பேன். அடுத்து, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்பேன். இவ்விரண்டு கேள்விகளையும் நான் கற்றது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அன்று. ஒன்றைப் புளியமரத்தடியில் நழுவவிட்டு, மற்றொன்றையும் சேர்த்துக் கிருஷ்ணன்கோவில் சாலையோரத்தில் பெற்றுக்கொண்டேன். உங்களுக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவை இல்லாதிருக்கட்டும்.